லைன் ஓரத்துப் பச்சை

மடியில் கட்டிய ஏரிப்பாசி இடுப்பை நனைத்து முழங்கால் வரை வழிய, சொர்ணம் தண்டவாளத்தின் ஓரமாக ஓடிவந்தாள். கையில் ஒரு பிடி கோரை, பூவோடு. அம்பத்தூர் ஏரி மதகில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்திருந்தது. அது எரிவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அரக்கோணம் வண்டி வருவதற்குள், வீட்டில் பாதியில் நிற்கும் ஏரிக்கரையை முடித்துவிட வேண்டும். இன்றைக்கு அந்த வண்டியில் கரி தள்ளுகிறவன் அவள் தம்பி தேவராஜ். வீட்டைத் தாண்டும்போது டிரைவர் துரையிடம் சொல்லி நீளமாக ஊத வைப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான். அந்தச் சத்தம் கேட்கும்போது இவர்களுடைய தகர வண்டியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

புருஷன் வேம்புலி இனித் தேறமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருத்திக்கு நெஞ்சு இப்படித் துள்ளலாமா? தன்னையே கேட்டுக்கொண்டாள். பதிலுக்குக் காத்திராமல் இன்னும் வேகமாக ஓடினாள்.

வாசலில் அவள் நாத்தனார் ராஜம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டா பாரு மகராசி, சேறும் சகதியுமா. ஏண்டி, வெதைக்குன்னு விட்டு வெச்ச பீர்க்கங்காயெல்லாம் எங்கடி?"

"மரமாயிடுச்சிக்கா."

"இன்னாது?"

"உள்ள வந்து பாரு. உன் பீர்க்கங்காதான் பட்டாபிராம் தோப்பே."

"சாவக் கெடக்கிறவன வெச்சிகினு பொம்ம வெளாட்டு வெளாடுது பாரு ரெண்டும்" என்று ராஜம்மா முறத்தைத் தட்டினாள். சொர்ணம் அவள் காலைத் தாண்டி உள்ளே போயிருந்தாள்.

"இன்னாமே, இம்மா நேரம்? கடுகு மொளச்சிகிச்சி! நான் பாத்துகினே கீறேன், ஒண்ணொண்ணா தலய தூக்குது!"

வேம்புலியின் குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் கண் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலை ஒட்டி, செங்கல் அடுக்கி, அதன்மேல் மாட்டுக்கொட்டகையின் பழைய கதவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவன் ஒருக்களித்துப் படுத்தால் கண்ணுக்கு நேராகத் தண்டவாளம். டிரைவர் துரை வீட்டுப் பிள்ளைகள் விளையாடித் தூக்கிப்போட்ட, சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில் அது. உடம்பு நன்றாக இருந்து, அவனும் எஞ்சினில் கரி தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் அவனே ஸ்பிரிங்கைச் சரிசெய்து பரணில் போட்டிருந்தான். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எவ்ளோ வருசமா அந்த லைன்ல போய் வந்துகினு இருந்தேன். நெருப்பத் தவிர ஒண்ணுத்தையும் பாக்கலமே. அந்தப் பக்கம் இன்னா கீது, இந்தப் பக்கம் இன்னா கீது, கேட்டா எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியும். கோவில்பதாகையில் பிறந்தவள். கல்யாணம் ஆகும்வரை மாட்டுக்குப் புல் அறுக்க ஆவடி லைன் ஓரத்துக்குத்தான் வருவாள். ஆவடிக்குப் பட்டாளம் வந்திராத நாட்கள் அவை. லைனுக்கு இரண்டு பக்கமும் வெறும் வெளி. எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஆவாரை, எந்தப் பள்ளத்தில் தாழை, எங்கே நெருஞ்சி காலில் ஏறும், எல்லாம் அவள் பாதத்துக்குப் பழக்கம்.

அன்றைக்கே கொட்டகைக் கதவைக் கழற்றினாள். காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டைப் பிய்த்து அவரையிலைச் சாற்றில் தோய்த்தபோது மரம் ஆயிற்று. துளசியின் காய்ந்த கதிரை வரிசையாகக் குத்தினால் சவுக்கு. புல்லுக்காகத் தண்டவாளத்தின் ஓரமெல்லாம் ஈரமண் பரப்பிக் கடுகு தூவினாள். பனைதான் வரவே இல்லை. ஓலையைக் கத்தரித்தாள், நாரைப் பிரித்தாள், எல்லாம் துடைப்பம் மாதிரி நின்றது. அவன் சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் கோரைப் பூவைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தாள். அச்சு அசல் பனந்தலை. தனியாக நின்று கத்திவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வேலைக்குப் போனான், வந்து தூங்கினான். இந்த இரண்டு மாதத்தில்தான் இருவரும் இவ்வளவு பேசியிருக்கிறார்கள். அதை நினைத்தால் சந்தோஷமும் குற்றமும் ஒரே இடத்தில் குத்தின.

பாசியைக் கிள்ளி, ரசம் போன கண்ணாடித் துண்டைச் சுற்றி ஒட்டினாள். ஏரிக்குக் கரை வந்தது. கோரைப் பூக்களைக் குச்சியில் கட்டி நட்டாள். வேம்புலி கன்னத்தைக் கதவின் விளிம்பில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"எல்லாம் சரி. ஒண்ணு தப்பா கீது."

"இன்னா தப்பு?"

"லைனுக்கு இம்மா கிட்ட புல்லு இருக்காது. எஞ்சின் பொறி பட்டு எரிஞ்சிடும். ரெண்டு பக்கமும் கருப்பாத்தான் கெடக்கும். அடுப்புக்கரிய நுணுக்கிப் போடு."

சொர்ணம் நிமிர்ந்தாள். "அந்தக் கருப்பு எனக்குத் தெரியாதா? பங்குனி ஆச்சின்னா போதும், நான் பாத்து வெச்ச புல்லெல்லாம் கருகிக் கெடக்கும். வெறுங்கையோட ஊட்டுக்குப் போயி எங்கம்மா கையால வாங்கின அடி கொஞ்சமா? நீதானா அது?"

"நான் இன்னா பண்ணுவேன்? கரி தள்ளினா பொறி பறக்காதா?"

"ஆவ்! எம் புல்ல எரிச்சவனுக்கே கட்டி வெச்சிட்டாங்க பாரு என்ன!"

அவன் தோள் குலுங்கியது. அவள் அவன் மார்பை நீவிக்கொண்டே தானும் சிரித்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வர நேரம் பிடித்தது.

"கரி போடுமே. அப்பதான் நெசம்."

"போடமாட்டேன். என் லைனு இது. பச்சையாத்தான் இருக்கும்."

"பிடிவாதக்காரி."

"ஆமா, இன்னான்ற இப்ப?"

சாவியை முறுக்கினாள். தகர எஞ்சின் கடகடவென்று கிளம்பியது. கடுகு முளைக்கு நடுவே புகுந்து, ஏரியைச் சுற்றி, பனைகளின் கீழே ஓடியது. வேம்புலி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். திருவிழாவில் தேர் முகம் திரும்பும்போது பார்க்கிற முகம் அது.

"இது அம்பத்தூரு ஏரி. இது நடுவுல கீற முள்ளுக்காடு. இத தாண்டுனா ஆவடி. அந்தாண்ட தெரியுது பாரு, எங்க ஊருக்குப் போற வண்டிப்பாட்டை..."

"அது ஆருமே? லைனாண்ட நிக்கிறது?"

அவள் எதிர்பார்த்திருந்த கேள்விதான். இருந்தும் முகம் சுட்டது. பீர்க்கநாரில் கைகால், சிவப்புத் துணிக் கிழிசலில் பாவாடை, தலையில் புல்கட்டு.

"நான்தான்."

"இம்மா கிட்டவா நிப்ப?"

"தெனம். வண்டி வந்தா அறுக்கறத உட்டுட்டு நின்னு பாப்பேன். எஞ்சின்ல ஒருத்தன் குனிஞ்சிகினே இருப்பான். முதுகுதான் தெரியும். அது நீயோ வேற எவனோ."

எஞ்சின் வேகம் குறைந்து, அந்த நார்ப்பெண்ணுக்குச் சற்று முன்னால் நின்றது. வேம்புலி வெகுநேரம் அவளையே பார்த்தான்.

"ஒரு தபா நிமுந்திருக்கலாம்" என்றான். பிறகு, "கொஞ்சம் தள்ளி வெய்மே அத. பொறி படும்."

"பட்டா படட்டும். நீ ஒழுங்கா பாத்துகினு படு."

தூரத்தில் வண்டி வரும் அதிர்வு தரையில் ஏறியது. "வந்துட்டான்! தேவராஜ் வந்துட்டான்!" சொர்ணம் குதித்தெழுந்து மறுபடி சாவி கொடுத்தாள். அவசரத்தில் சாவி ஒருமுறை நழுவியது. ராஜம்மாகூட முறத்தை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். வெளியே ஊதல் கேட்டது. நீளமாக, மிக நீளமாக, அம்பத்தூரையே எழுப்புகிற மாதிரி. வீடு அதிர்ந்தது. கதவின்மேல் பனைகள் தலையாட்டின, கடுகு முளைகள் சிலிர்த்தன, தகர ரயில் அந்த இரைச்சலுக்குள் சத்தமே இல்லாமல் ஓடியது.

"பாத்தியா! நெசமாவே காத்தடிக்குது பாரு!"

அவன் கண் ரயிலின் மேலேயே இருந்தது. அரக்கோணம் வண்டி கடந்து போயிற்று. தகர ரயில் நின்றது. அவள் திரும்பச் சாவி கொடுத்தாள். "இந்தத் தபா ஆவடிலேர்ந்து சொல்றேன், கேளு. இது மதகு. இது தாழை, பூத்தா ஆவடி வரிக்கும் வாசனை வரும். இங்கதான் ஒரு பாம்பப் பாத்துட்டு அரிவாள போட்டுட்டு ஓடினேன். இன்னா, சிரிக்கமாட்டியா?"

ராஜம்மா மெதுவாக உள்ளே வந்து, கட்டிலுக்கு அந்தப்பக்கம் குனிந்தாள். தம்பியின் இமைகளை உள்ளங்கையால் மூடினாள்.

ரயில் இன்னும் ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் நின்றது.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். உடம்பைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. இரண்டு ஆட்கள் கதவைத் தூக்கிச் சாய்க்கப் போனார்கள். மாரில் அடித்துக்கொண்டிருந்த ராஜம்மா ஒப்பாரியை நிறுத்திக் கத்தினாள்: "டேய், கவுக்காதீங்கடா! அப்படியே தூக்கிகினு போய் கொட்டாயில வைங்கடா! ஒரு மரம் சாஞ்சிது, தெரியும் சேதி!" பிறகு விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

கரி தள்ளித் தேய்ந்த அவன் தோளைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொர்ணத்துக்கு இடம் கிடைத்தது. மேளம் கிளம்பியது. புதைக்கத்தான் வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். நெருப்பு போதும்மே, என்றிருந்தான். தேவராஜ் அழுது வீங்கிய முகத்தோடு பாடைக்குத் தோள் கொடுத்தான். "ஊதினது கேட்டுச்சா மாமாவுக்கு?" என்று மட்டும் அக்காவைக் கேட்டான். அவள் தலையாட்டினாள். கேட்டிருக்கும் என்றுதான் அவள் நம்பினாள்.

ஆண்கள் திரும்பி, குளித்து, கலைந்து போன பிறகு வெயில் சாய்ந்தது. ராஜம்மா தூணில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். சொர்ணம் ஈரப்புடவையோடு கொட்டகைக்குப் போனாள். ஒரு பகலுக்குள் கடுகு விரற்கடை உயரம் வளர்ந்து, வாசல் வெளிச்சத்தைப் பார்த்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சில முளைகள் தண்டவாளத்தின் மேலேயே கிடந்தன.

திரும்பி வந்து அணைந்த அடுப்பில் கைவிட்டு ஒரு கரித்துண்டை எடுத்தாள். அம்மியோரத்தில் வைத்து நுணுக்கினாள். கொட்டகையில் மண்டி போட்டு உட்கார்ந்து, தண்டவாளத்தின் மேல் சாய்ந்திருந்த முளைகளை மட்டும் நகத்தால் கிள்ளினாள். கரியைக் கோலமாவு போல இரண்டு விரலில் எடுத்து, லைனின் ஒரு பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தாள். ஏரி கடந்தது. தாழை கடந்தது. மறு பக்கம் தொடங்கினாள்.

நார்ப்பெண் நிற்கிற இடம் வந்ததும் விரல் நின்றது. அவளைப் புல்கட்டோடு எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டாள். அவள் நின்ற இடத்திலும் கரியைத் தூவினாள். பிறகு கொஞ்சமும் தள்ளாமல், அந்தக் கருப்பின் மேலேயே அவளைத் திரும்ப நட்டு, முகத்தை எஞ்சின் பக்கம் திருப்பி வைத்தாள்.