கொழுந்தன் பார்த்துவைத்த கார்டு

உணவகக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். சமையலறைக்குள் நுழைந்ததும் மற்ற அதிகாரிகள் பளபளவென்று துடைத்துவைத்த மேடையைப் பார்ப்பார்கள். அவள் குனிந்து குளிர்பெட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பாள். கதவின் ரப்பர் மடிப்பை விரலால் பிரித்து, உள்ளே கறுப்பாகப் படிந்திருப்பதை முதலாளியின் முகத்துக்கு நேரே காட்டுவாள். எண்ணெய்ச் சட்டியில் மிதந்த எலியைப் பார்த்து, "இப்பதான் மேடம் விழுந்துச்சு" என்று வாய் கூசாமல் சொன்ன ஒருவரின் கடையைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை வந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டு நேரத்தில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுவார். பெரிய லாரி, மழை பெய்த சாலை, இரண்டு பக்கமும் மரங்கள். ஒருநாள் அவர் எழுந்து போனபோது இவள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். எந்த மூடியையும் திறக்க வேண்டாம், எதையும் முகர வேண்டாம், சும்மா போய்க்கொண்டே இருக்கலாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வீட்டில் தனக்கென்று ஒரு கணினி வேண்டும். கடையில் கட்டிவைத்ததாக இருக்கக் கூடாது. அவர்கள் உள்ளே எதைப் போட்டு மூடியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாகங்களைத் தானே பார்த்து வாங்கித் தானே பூட்ட வேண்டும்.

கணவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். சண்டை சச்சரவு ஆகாதவர். எது கேட்டாலும் முதலில் தலையாட்டிவிடுவார். "நம்ம சின்னவன்கிட்ட கேளு, அவனுக்குத் தெரியாததா?" என்றார்.

சின்னவன் என்றால் அவள் கொழுந்தன். குடும்பத்தில் யார் வீட்டு போன் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் வந்தான். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, அவள் கைபேசியில் பார்த்துவைத்திருந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"பிராசஸர் ஓகே. மதர்போர்டும் அதுக்குப் பொருந்துது. பரவால்லையே அண்ணி, தேறிட்டீங்க." பிறகு சிரித்தான். "ஆனா இந்த பவர் சப்ளை எதுக்கு அண்ணி இவ்வளவு ஒசத்தியா? அது உள்ள ஒரு மூலைல கிடக்கப்போகுது. கண்ணுக்கா தெரியப்போகுது?"

"கண்ணுக்குத் தெரியாததுனாலதான்" என்றாள்.

"இதெல்லாம் உள்ள வெக்கிற கேபினட்டாவது கண்ணாடி போட்டதா வாங்குங்க. முன்பக்கம் இப்படிச் சல்லடையா இருந்தா யாரு பாப்பா? உள்ள கலர் கலரா லைட் எரிஞ்சாத்தானே அழகு."

"சல்லடையா இருந்தா காத்துப் போகும். தூசி வடிகட்டியக் கழட்டிக் கழுவலாம்."

"பூதக்கண்ணாடின்னு சும்மாவா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தான். விளையாட்டின் படங்களைத் திரையில் ஓடவிடும் கிராபிக்ஸ் கார்டைப் புதிதாக வாங்குவது முட்டாள்தனம். அவனுடைய நண்பன் ஒருவனிடம் அருமையான கார்டு ஒன்று இருக்கிறது. ஆறே மாதம் ஓடியது, அவன் வெளியூர் போவதால் கொடுக்கிறான். லாரி விளையாட்டு தண்ணீர் மாதிரி ஓடும். "உங்களுக்காகப் பேசி வெச்சிருக்கேன். லேட் பண்ணா வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அந்த நண்பன் வீட்டுக்குப் போனார்கள். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டியிருந்தது. உள்ளே கால் வைத்ததும் அவள் செருப்பு ஒட்டிக்கொண்டது. தரையில் ஏதோ இனிப்புப் பானம் கொட்டிக் காய்ந்து பசையாகியிருந்தது. மேசையில் பாதி காப்பி இருந்த கோப்பைக்குள் சிகரெட் துண்டுகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. வெளியூர் போகிறவன் வீடு மாதிரி இல்லை, எதுவும் கட்டிவைக்கப்படவில்லை. கலைந்த தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த நண்பன் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவி, ஒரு பாலித்தீன் பையை இழுத்தான்.

அவள் கைப்பையிலிருந்து சிறிய டார்ச்சை எடுத்தாள்.

"அண்ணி, இது ஓட்டல் இல்ல" என்றான் கொழுந்தன், பல்லைக் காட்டியபடி.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்டை விளிம்பில் பிடித்து, விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே வெளிச்சத்தை விட்டாள். சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் அடுத்தடுத்து மெல்லியதாக நிற்க வேண்டிய இடத்தில் தகடே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், ஈரம்போலப் பளபளக்கும் ஒரு பிசின். சிகரெட் புகையும் தூசியும் சேர்ந்து இறுகியது. அதில் தலைமுடி சுருண்டு ஒட்டியிருந்தது. ஓரத்தில், கருஞ்சிவப்பாக, பயறு மாதிரி ஒன்று. கரப்பான் முட்டைக்கூடு. அவளுக்கு அதை எங்கே பார்த்தாலும் தெரியும். பக்கத்தில் இன்னொன்று, வெடித்துக் காலியாக இருந்தது.

"ஆறு மாசமா இது?"

"கொஞ்சம் தூசி" என்று நண்பன் கார்டை அவள் கையிலிருந்து வாங்கினான். வாய்க்கருகே கொண்டுபோய், கன்னம் உப்ப, பூ என்று பலமாக ஊதினான்.

அத்தனையும் அவள் முகத்தில் வந்து விழுந்தது. உதட்டில் ஏதோ ஒட்டியது. எலி விழுந்த எண்ணெய்க்கு முன்னால் அசையாமல் நின்றவள் இப்போது பின்வாங்கினாள். கைக்குட்டையால் வாயை அழுத்திக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாம்."

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. துடைச்சா போயிடும்."

"வேண்டாம்னு சொன்னேன்."

நண்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்த ஆத்திரம் வேறு. பையைக் கொழுந்தனின் நெஞ்சில் தள்ளினான். "அப்ப உன் கார்ட நீயே எடுத்துட்டுப் போடா. விக்கிற வரைக்கும் இங்க கிடக்கட்டும்னு எத்தன நாள்தான் சொல்லுவ?"

கொழுந்தன் பையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் சிவக்கவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள். அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். சின்னப் பிள்ளை பலகாரம் திருடி மாட்டிக்கொண்டால் சிரிப்பதுபோல, இதற்கெல்லாம் நீங்கள் கோபப்படவா போகிறீர்கள் என்பதுபோல.

"என் கார்டுன்னா நீங்க சும்மா குடுன்னு கேப்பீங்க. குடும்பத்துக்குள்ள ரேட் பேச முடியுமா? அதான்."

வண்டியில் திரும்பும்போது அவன் பின்னால் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான். அவள் நினைவெல்லாம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அந்தப் பிசின் அவன் அறையில் படிந்தது. அந்தக் கூடு அவன் மேசைக்கடியில் வெடித்தது. அந்த வீட்டில் எத்தனை தடவை தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவன் சொன்னபோது குடும்பமே நெகிழ்ந்துபோனதும் ஞாபகம் வந்தது.

வீட்டில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதவில்லை, திரும்பவும் கழுவினாள். துவாலையோடு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கேக்கறீங்களா? அது அவனோட கார்டு. நம்ம தலைல கட்டப் பாத்திருக்கான்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன் எங்கிட்ட முன்னாடியே சொன்னான். அவனுக்கும் கையக் கடிக்குது. உங்கிட்ட நேரா சொன்னா வேண்டாம்னுடுவ. உனக்கும் கார்டு கிடைச்ச மாதிரி ஆச்சு, அவனுக்கும் ஒரு உதவி ஆச்சுன்னு..." சட்டையின் காலரை நீவிவிட்டார். "பெருசா எடுத்துக்காத."

அவர் உதட்டோரத்திலும் அதே சிரிப்பு இருந்தது. தம்பியிடம் பார்த்தது. இத்தனை வருடமும் அதை அவள் சாந்தம் என்று நினைத்திருந்தாள். மடித்து அடுக்கிய துணிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாகங்களை அவளே வாங்கினாள். இரண்டு கடை ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் முத்திரை கிழிந்த பெட்டியை நீட்டி, "செக் பண்றதுக்காகத் தொறந்தது" என்றார். அதை அப்படியே திருப்பி வைத்துவிட்டாள். படம் காட்டும் வசதி பிராசஸருக்குள்ளேயே இருக்கும்படி பார்த்து எடுத்தாள். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். வேண்டும் என்றால் பிறகு புதிதாக வாங்கலாம். மரங்கள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். பவர் சப்ளையில் மட்டும் அவள் இறங்கிவரவில்லை. கேபினட் சல்லடை முன்பக்கத்தோடுதான்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய படுக்கைவிரிப்பை விரித்து, வேலையைத் தொடங்கினாள். பிராசஸரை அதன் குழியில் வைத்து நெம்புகோலை இறக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உடைத்துவிட்டோம் என்றே நினைத்தாள். உடையவில்லை. எல்லாம் பூட்டிப் பொத்தானை அழுத்தினால், விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் ரேம் பலகை ஒரு பக்கம் முழுதாக இறங்கவில்லை. கட்டைவிரலால் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. உள்ளே ஒரு தூசி இல்லை. ஒவ்வொரு திருகும் அவள் கையால் போட்டது. அந்த நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் கைதட்டினார். அந்தச் சத்தம் பிடிக்காமல் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த விருந்தினர்களிடம் கொழுந்தன் கணினியைத் தட்டிக் காட்டி, "எல்லாம் நான் செலக்ட் பண்ணிக் குடுத்ததுதான்" என்றான். கணவர் மறுத்துச் சொல்லவில்லை.

அந்தக் கார்டு அதோடு தொலையவில்லை. நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவள். சின்ன அண்ணன் ஒரு கார்டு பார்த்துவைத்திருக்கிறான் என்று போனில் சொன்னாள்.

"வாங்காத" என்றாள் இவள். "நான் உள்ள பாத்தேன். கரப்பான் கூடு இருக்கு."

நாத்தனார் குரல் இறுகியது. "உங்களுக்கு எதைப் பாத்தாலும் அழுக்குதான் அண்ணி. கூடப் பொறந்தவன் எனக்கு அப்படிக் குடுப்பானா?" வாங்கிவிட்டாள். அண்ணி வாய் வைத்ததால் தங்கள் அண்ணன் தங்கைக்குள் மனக்கசப்பு வரப் பார்த்தது என்று கணவரிடம் புகாரும் சொன்னாள்.

வேலைக்கு நடுவே ஒருநாள் நாத்தனாரின் திரை இருண்டது. கணினிப் பெட்டி கையால் தொட முடியாதபடி சுட்டது. சின்ன அண்ணன் போனை எடுக்கவில்லை. கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டாள்.

இவள் கையுறையும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியைத் திறந்து எடுத்த கார்டு வெளிப்பக்கம் கண்ணாடிபோல மின்னியது. எதையோ போட்டுத் துடைத்திருக்கிறான். எலுமிச்சை வாசனை வந்தது. விசிறியை விரலால் தள்ளினாள். அசையவில்லை. திருகுகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினாள். உள்ளே அதே பழுப்புப் பிசின், அதே முடி. எலுமிச்சைத் திரவம் இடுக்கு வழியே இறங்கி எல்லாவற்றையும் கூழாக்கி, விசிறியின் அச்சில் கொண்டுபோய் ஒட்டவைத்திருந்தது. சூட்டில் வெந்த இரண்டு கரப்பான்கள் தகடுகளுக்கு நடுவே தட்டையாகக் கிடந்தன. மூன்றாவது ஒன்று உயிரோடிருந்தது. வெளிச்சம் பட்டதும் நாத்தனாரின் விசைப்பலகைக்குள் ஓடி மறைந்தது.

நாத்தனார் ஓங்கரித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. முகம் துடைத்துக்கொண்டு வந்தவள், கார்டின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணி, இத வெளியில சொல்ல வேண்டாம். சின்ன அண்ணன் பேரு கெட்டுடும்."

இவளுக்கு அந்தக் கூழைவிட இதுதான் குமட்டியது. கையுறையைக் கழற்றிவிட்டு, தன் போனிலிருந்து கொழுந்தனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். உடனே எடுத்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் குடுக்கும்போது நல்லாத்தானே அண்ணி இருந்துச்சு. துடைச்சுக்கூடக் குடுத்தேன்."

"உள்ள தொறந்து பாத்தியா?"

"உள்ள யாரு அண்ணி பாப்பா?"

"நான் பாத்தேன். உன் தங்கச்சியும் பாத்தா. வாங்கின பணத்த அவகிட்டத் திருப்பிக் குடு. இனிமே இதப் பத்தி எவன் கேட்டாலும் சொல்லுவேன், பூசி மெழுக மாட்டேன்."

சொன்னபடியே சொன்னாள். அடுத்தமுறை உறவினர்கள் கூடியிருந்தபோது, கணினியைப் பற்றி யாரோ கேட்க, கார்டு யாருடையது, எங்கே ஒளித்துவைத்திருந்தது, யாருக்கெல்லாம் தெரியும் என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். யாருக்கெல்லாம் தெரியும் என்ற இடத்தில் கணவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். கொழுந்தன் போன் வந்ததுபோல எழுந்து போனான். பணத்தைத் தங்கைக்குத் தவணையாகக் கொடுத்து முடித்தான். கொஞ்ச நாள் வராமல் இருந்தவன் பழையபடி வரத் தொடங்கினான். அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாள், எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். அவன் வீட்டில் மட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

கணவர் தோசை சுடுவதிலிருந்து துணி மடிப்பதுவரை முன்னைவிட அதிகமாக வேலை செய்தார். ஒருநாள் அவள் லாரியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னும் கோவமா?"

"கோவம் இல்லைங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோவம்னா இந்நேரம் போயிருக்கும்."