கால் மணிக்கு ஒரு கட்டம்

குமாஸ்தா வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி எட்டு பத்து. உள்ளே அத்தான் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். அவர் அந்த வீட்டில் இல்லை. மூன்று தெரு தள்ளி, ஊர் வானொலியின் மாடி அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் இந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. மில் தெருவுக்குப் பத்து மணிவரை தண்ணீர் வராது, இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இப்போதே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வீட்டு டைரி ஒன்றுதான் பாக்கி. அத்தான் பிழைப்பு அதற்குள் இருந்தது.

என் வேலை இதுதான். வருஷத்துக்கு இரண்டு முறை இந்த ஊரில் நாற்பத்தெட்டு வீடுகளுக்குத் தலா ஒரு டைரி கொடுப்பேன். வீட்டில் எல்லாரும் எழுதக் கூடாது. யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவர் மட்டும்தான். காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை கால் மணிக்கு ஒரு கட்டம். அந்தக் கால் மணியில் எந்த நிலையத்தைக் கேட்டாரோ அதற்கு நேராக ஒரு டிக். ஏழு நாள் கழித்துப் போய் வாங்கி, கட்டாகக் கட்டி, சூப்பர்வைசர் முன்னால் சீல் வைத்துக் கொடுத்தால் என் பாடு தீர்ந்தது. எந்த நிலையத்துக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கூட்டிப் பார்ப்பது தலைநகரத்து ஆட்களின் வேலை. நாங்கள் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். நேற்று மத்தியானம் சாப்பாட்டை மறந்து நாற்பத்தேழு டைரியையும் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டேன். காலை நேரத்தில் ஊர் வானொலிக்குப் பதினான்கு. பதினைந்துக்குக் கீழே போனால் காலை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த நேரத்திலும் தேசிய வானொலியையே போட்டுவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அத்தானுக்கு அங்கே காலை நிகழ்ச்சியைத் தவிர வேறு வேலை கிடையாது. வயது ஐம்பத்தொன்று. குரலை நம்பியே காலம் தள்ளிய மனுஷன், வேறு எந்தத் தொழிலும் தெரியாது.

இந்த இடத்தில் என் திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குச் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘வானொலி நிலையங்களில் உறவினர் யாரேனும் உண்டா?’ என்று ஒரு கேள்வி. அந்த வருஷம் எனக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதற்கென்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஒரு கட்டிலுக்காக. அம்மாவின் கட்டில் யார் வீட்டுக்குப் போவது என்று சண்டை. முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள், அப்படி ஒரு அக்காவே எனக்கில்லை என்று நான் சொன்னேன். அந்தச் சூட்டோடு சூடாகப் படிவத்திலும் ‘இல்லை’ என்று அழுத்தி டிக் போட்டேன். ஆறு மாதத்தில் கோபம் தணிந்துவிட்டது, கட்டிலும் பாதி நாள் அவள் வீடு, பாதி நாள் என் வீடு என்று சுற்றியது. படிவம் மட்டும் அப்படியே கிடந்தது. உறவு இருப்பது தெரிந்தால் அந்த ஊர்க் கட்டு முழுவதும் செல்லாது, வேலையும் போகும். எப்படிப் போய் மாற்றச் சொல்வேன்?

இந்த ஊர் கேட்காமலா இருக்கிறது? ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால் ஒரு சன்னலில் அத்தான் தொடங்கிய வாக்கியம் நான்காவது சன்னலில் முடியும். ஆனால் டைரியைக் கையில் கொடுத்தால் போதும், படம் பிடிக்க வந்ததுபோல ஜனங்கள் நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். தேசியச் செய்தி, தேசிய உரை, தேசிய விவசாயம். மாடு முகத்தில்கூட விழிக்காதவர் விவசாயம் கேட்டதாக எழுதியிருப்பார். தண்ணீர் எப்போது வரும், பஸ் எந்த வழியாகப் போகும் என்று கேட்பதெல்லாம் அவர்கள் எண்ணத்தில் கேட்பதே இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். ஆனால் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி: கேள், எடுத்துக்கொடுக்காதே. ஒரே ஒரு கேள்விதான் எங்களுக்கு உரிமை. வேறு யாராவது எழுதியிருந்தால் மட்டும் புது டைரி கொடுத்து, உரியவரையே என் கண் முன்னால் நினைவிலிருந்து எழுதச் சொல்லலாம்.

கதவைத் திறந்தவர் குமாஸ்தாதான். கோர்ட்டில் வேலை. பனியனோடு நின்றார், பின்னால் மேஜைமேல் பாதி இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் டைரியைக் கொண்டுவந்து நீட்டினார். பழுப்புத்தாள் அட்டை போட்டு, மேலே அவர் மனைவி பெயர் எழுதி ஒட்டியிருந்தது. நின்றபடியே புரட்டினேன். ஏழு நாளும் காலை ஆறு முதல் ஒன்பது வரை தேசிய வானொலி. ஒவ்வொரு டிக்கும் ஒரே உயரம், ஒரே சாய்வு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. ஒன்றுகூடத் தவறி ஊர் வானொலிக் கட்டத்தில் விழவில்லை. சமையலறையில் அத்தான் நேரம் சொன்னார், எட்டு மணி பதினாலு நிமிடம்.

“சார், இது அம்மா பேர்ல இருக்கற டைரி. அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்.”

“நான்தானேம்மா எழுதினேன். எங்கிட்ட கேளுங்க.”

“அதுதான் சார் சிக்கல்.”

அவர் முகம் சுண்டியது. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ‘அதை அணைச்சிட்டு வரக்கூடாதா’ என்று அவர் சொன்னதும் உள்ளே போனாள். ரேடியோவை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு வந்தாள். நான் டைரியைக் காட்டி, எனக்குரிய அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“இதுல இருக்கறது நீங்க கேட்டதுதானேம்மா?”

அவள் டைரியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். “அவர் எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

அதோடு நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். மற்ற நாற்பத்தேழு வீட்டிலும் அப்படித்தான் கிளம்பினேன். சைக்கிள் கடைக்காரர் ஏழு நாளும் காலையில் இரண்டிரண்டு கட்டம் ஊர் வானொலி என்று போட்டுக் கொடுத்திருந்தார். அவருடைய ரேடியோ மூன்று வாரமாக ரிப்பேர் கடை அலமாரியில் சீட்டு ஒட்டிக் கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தானோடு சேர்ந்து டீ குடிக்கிறவர், ஏதோ நல்லது செய்வதாக நினைத்துப் போட்டிருப்பார். அங்கே என் வாய் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கிப் பையில் வைத்தவளுக்கு இங்கே மட்டும் நியாயம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

“உள்ள ஓடுதே, அது எந்த ஸ்டேஷன்மா?” என்று கேட்டேன். இது இரண்டாவது கேள்வி. விதியில் இல்லை.

குமாஸ்தா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “ஏம்மா, வீட்டுல ஓடறது வேற, கேக்கறது வேற. அவ பாட்டுக்கு அடுப்படியில எதையாவது ஓட விட்டுட்டு வேலையைப் பாப்பா. அதெல்லாம் ஒரு கேட்பா? இது நாலு பேர் பாக்கற ரெக்கார்டு. கண்டதையும் எழுதினா நாளைக்கு நம்ம வீட்டைப் பத்தி என்ன நெனப்பாங்க? இவளுக்கு ஒண்ணும் தெரியாது, பேர்தான் இவ பேர்.”

அவர் குரலில் கோபமில்லை. மழை வரும், குடை எடு என்பதுபோலத்தான் சொன்னார். அந்த அம்மா நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

“திங்கக்கிழமை ஒரு பச்சைக் குடை பஸ்ல கிடந்துச்சுன்னு ரேடியோவுல சொன்னார்,” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “கைப்பிடி உடைஞ்ச குடை. யாரும் வரலன்னு மறுநாளும் சொன்னார். செவ்வாக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. மூணு தடவ இருமினார். மைக்கைப் பொத்திக்கிட்டுதான் இருமறார்போல, ஆனாலும் தெரியும். ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் குடுக்க இந்த மனுசனுக்கு வீட்டுல ஆள் இல்லையான்னு நெனச்சேன். புதன்கிழமை ஒரு பாட்டைச் சொல்லிட்டு வேற பாட்டைப் போட்டுட்டு அவரே சிரிச்சுட்டார். வியாழக்கிழமை…”

வெள்ளி, சனி, ஞாயிறு என்று வரிசையாகச் சொல்லி முடித்தாள். அத்தான் வீட்டில் அன்று ஆள் இல்லைதான். அந்தத் திங்கள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து செவ்வாய் மத்தியானம்தான் திரும்பிப் போனாள். அத்தான் இருமியதை அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த அம்மா கேட்டிருக்கிறாள். பையிலிருந்து புது டைரியையும் பேனாவையும் எடுத்து மேஜையில், அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நீங்களே எழுதுங்கம்மா. ஞாபகம் இருக்கற வரைக்கும். எது கேட்டீங்களோ அது.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமைப் பக்கத்தில் முதல் டிக் விழுந்தது. கோணல் டிக். குமாஸ்தா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருஷமாகச் சாட்சிகளைப் பார்த்த கண்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. முந்தி ஒரு தடவை பக்கத்து வீட்டுக்கு வேற ஒருத்தர் வந்தார். குடுத்ததை வாங்கிக்கிட்டு வாசல்லயே போயிட்டார். நீங்க ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க? அந்த ஸ்டேஷன்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இருக்காங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏற்கெனவே எழுத்தில் கொடுத்த வார்த்தைதான். பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வருவார். இந்த ஒரு டைரியைச் சேர்த்தால் பதினைந்தைத் தாண்டிவிடும், மனக்கணக்காகவே போட்டுப் பார்த்துவிட்டேன். அதுவும் பொய்யில்லை, சத்தியமான பதினைந்து. சைக்கிள் கடைக்காரரைக் கழித்தால்கூடத் தாண்டும். அத்தானுக்கு அடுத்த ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. அக்கா பாதி நாள் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குவாள். இவ்வளவும் ஒரு ‘இல்லை’யில் இருந்தது. அந்த அம்மாவின் பேனா கட்டத்தின்மேல் அப்படியே நின்றது. என் வாய்க்கு எப்போதுமே அவசரம், கட்டில் சண்டையில் முந்திக்கொண்ட அதே வாய்தான்.

“இருக்கார்,” என்றேன். “இப்ப பேசிக்கிட்டிருக்காரே, அவர் என் அக்கா வீட்டுக்காரர்.”

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மேஜை விரிப்பு லேசாகக் கருகும் வாடை வந்தது. அவர் அதை எடுத்துத் தள்ளி வைத்தார். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாதான் முதலில் பேசினாள்.

“இப்ப தொண்டை தேவலையா அவருக்கு?”

“தேவலம்மா,” என்றேன்.

“அப்ப இது செல்லாதே,” என்றார் குமாஸ்தா, மெதுவாக.

“செல்லாது சார்.”

“இது மட்டுமா?”

“நாப்பத்தெட்டும். ஊரே கணக்குல வராது.”

கணக்கே இல்லாத நிலையத்துக்காகத் தலைநகரத்தில் வாதாட யார் இருக்கிறார்கள்? என்னையும் அத்தானையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டேன். அக்கா முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? டைரியை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. இடது கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த டிக்கைப் போட்டாள்.

“செல்லாதுங்கறாங்கல்ல?” என்றார் அவர்.

“கேட்டுச்சு. ஆரம்பிச்சுட்டேன், முடிச்சிடறேன்.”

சூப்பர்வைசருக்கு நானே போன் செய்து சொல்லிவிடலாமா, நேரில் வரட்டும் என்று விடலாமா என்று புரியாமல் நின்றேன். உள்ளே பாட்டு முடிந்து அத்தான் குரல் வந்தது, என்ன சொல்கிறார் என்று பிரித்தறிய முடியவில்லை. திங்கள் முடிந்தது. அவள் நாக்கைத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். செவ்வாயில் மூன்று கட்டங்களை மட்டும் மற்றவற்றைவிட அழுத்திப் போட்டாள். குமாஸ்தா சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டபடி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை. புதன் முடிந்து வியாழனில் கடகடவென்று ஆறு டிக், ஏழு டிக் என்று போய்க்கொண்டிருந்தவளின் கை மேல் அவர் விரல் வந்து நின்றது.

“ஏழே முக்கா வேணாம்,” என்றார். “அப்பதானே நீ மாடிக்குத் துணி காயப்போடப் போன. ஒரு பேப்பர்க்காரர் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார்னு அவர் சொன்னார். நீ இல்ல, நான்தான் கேட்டேன்.”

அவள் தலையைத் திருப்பி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த ஒரு டிக்கை மட்டும் குறுக்கே ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, பேனாவை எட்டு மணிக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.