ஏழாவது லைன்

நகர ஆரம்பித்திருந்த ஷேர் ஆட்டோவில், கட்டைப்பையை வயிற்றோடு அணைத்தபடி தாவி ஏறினாள் சொர்ணம். மணி பன்னிரண்டே முக்கால். லேப் ஒரு மணிக்கு மூடிவிடும். நாளை ஞாயிறு.

"இன்னாக்கா, பையில மீனா? தண்ணி சிந்தாம வெச்சிக்கோ," என்றான் டிரைவர்.

"சிந்தாதுப்பா."

பைக்குள் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் மருந்துத் தண்ணீரில், மகள் ஷர்மிளாவின் இடது கிட்னி. கல்லும் சீழும் கட்டிச் செத்துப்போனது. மேனாம்பேட்டு நர்சிங் ஹோமில் காலையில் அதைத் தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டர்.

"மூணு சின்ன ஓட்டை, தொப்புளுக்குக் கீழ ஒரு கீறல். தழும்புகூடப் பெருசா தெரியாது," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வலதும் பாதி போயிடுச்சும்மா. இதை டெஸ்ட் பண்ணாதான், அதைக் காப்பாத்த முடியுமான்னு சொல்ல முடியும்."

இருபத்து நாலு வயது. இரண்டில் மிச்சம் அரை.

லேபில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள்.

"ரெண்டு நிமிஷத்துல பூட்டியிருப்பேன் ஆன்ட்டி," என்றாள் கவுன்ட்டரில் இருந்த ஹெலினா, ஃபாரத்தை இழுத்து. "பொண்ணு இன்னா வேலை?"

"இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, துணி எக்ஸ்போர்ட் கம்பெனி. டெய்லர்."

ஹெலினாவின் பேனா நின்றது. "எங்க அண்ணியும் அந்த மாதிரி கம்பெனிதான். பாத்ரூம் போக, அம்பது மெஷின் இருக்கிற ஒரு லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கனாம். சூப்பர்வைசர் பொம்பள கையில வெச்சிகினு குடுக்கவே மாட்டாளாம். அதுக்கு பயந்து இவ தண்ணியே குடிக்கிறதில்ல. அவங்கல்லாம் வெளங்குவாங்களா?"

"வெளங்க மாட்டாங்கம்மா."

"டாக்டர் சீட்டு குடுங்க."

சொர்ணம் பர்ஸைத் திறந்தாள். செல்போன் அடித்தது. நர்ஸ்.

"ஷர்மிளா அம்மாவா? பொண்ணு முழிச்சிகிச்சு. யூரின் டியூப் போட்டுக்கீது, எழுந்திரிக்காதேன்னா கேக்க மாட்டேங்குது. 'டோக்கன் குடுங்க மேடம், டோக்கன் குடுங்க மேடம்'னு என் கையப் புடிச்சிகினு அழுவுது. யாரும்மா அந்த மேடம்?"

சொர்ணம் போனை அணைத்தாள்.

ஏழாவது லைனில் ஷர்மிளா அவளை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சூப்பர்வைசர் சொர்ணம் போட்ட சட்டம் அது. மகளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. மூன்று வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

"சீட்டு, ஆன்ட்டி?"

பர்ஸுக்குள் துழாவிய விரல்களில் சீட்டு அகப்படவில்லை. வழவழவென்று தேய்ந்த ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை அகப்பட்டது.