வெட்டுப்பட்ட சிவப்புச் சீட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் வைகுண்டராஜின் ஆபீஸில் இருக்கும் நாலாயிரம் சட்டப் புத்தகங்களுக்கு ரமீஜாதான் பொறுப்பு. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பழைய தீர்ப்பு ஒன்று இனிச் செல்லாது என்று மேல்கோர்ட்டு சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவாள். சீட்டின் நுனி புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்தை மறைக்கக் கூடாதென்று ஓரத்தில் நூலளவுக்குத்தான் பசை தடவுவாள்.

"கம்ப்யூட்டர்ல எல்லாத் தீர்ப்பும் உடனே வருதாம் சார். சந்தா கட்டுவமா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீ இருக்கையில அந்த எழவு எதுக்கும்மா?"

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோடை விடுமுறையில் இருபத்திரண்டு புத்தகங்கள் பைண்டிங்குக்குப் போய் வந்தன. "ஓரமெல்லாம் மெஷின்ல வெட்டியிருக்கேன். தடவிப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் பைண்டர் இருளப்பசாமி. அவள் தடவிப் பார்த்தாள். வழவழவென்றுதான் இருந்தது. சந்தோஷமாக அலமாரியில் அடுக்கினாள்.

பொறவுதான் தங்கபாயின் அப்பீல் வந்தது. மில்லில் வேலை பார்க்கும் விதவை. குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று கொழுந்தன் கேஸ் போட்டு ஜெயித்திருந்தான். பஸ்ஸில் பழகிய ரமீஜாதான் அவளை ஆபீஸுக்குக் கூட்டிவந்தாள். ஜூனியர் பாண்டிக்குத் தோதான தீர்ப்பை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"இது ஒண்ணே போதும்க்கா" என்று, தங்கபாய் கொண்டுவந்த வீட்டுவரி ரசீதுகளைப் பாண்டி திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே நிமிஷம்தான் பேசினார். அந்தத் தீர்ப்பு ரத்தாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பீல் தள்ளுபடி. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ரமீஜா புத்தகத்தைப் பிரித்தாள். பக்கத்தின் ஓரத்தில் நகக்கீற்று அளவுக்குச் சிவப்பு மிச்சமிருந்தது. மற்ற இருபத்தொன்றையும் பிரித்துப் பார்த்தாள். அறுபத்தோரு சீட்டுகள் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

"அந்தம்மாட்ட வாயத் தொறந்துராத" என்றார் வைகுண்டராஜ். "மதுரை ஹைகோர்ட்டுக்குப் போவோம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அங்க நிக்குமா சார்?"

அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

சட்ட நூலகர்களின் வாட்ஸப் குழுவில் வாரம்தோறும் புதுத் தீர்ப்புகளின் பட்டியல் போடுவது அவள் வழக்கம். அன்று ஒரே வரி போட்டாள்: "பைண்டிங் முடிந்து வந்ததும் சீட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்." வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்தன. 'பயனுள்ள தகவல்' என்றார் ஒருவர். யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் தங்கபாய் இடம் போட்டு வைத்திருந்தாள்.

"ஏட்டி ரமீஜா, இங்க வா. காலையில இருந்து ஒண்ணும் திங்கலயாமே, பாண்டித் தம்பி சொல்லுச்சு."

"அக்கா, தப்பு என்னோடது. செல்லாத தீர்ப்ப எடுத்துக் குடுத்துட்டேன். என்னாலதான் ஒங்க வீடு போச்சு."

தங்கபாய் சிரித்தாள்.

"ஏட்டி, போ. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழிய நீ தூக்கிச் சுமக்கியாக்கும்? அம்புட்டுப் புத்தகத்தையும் கண்ணுமணி மாதிரி பாக்கிறவ நீ. என் தலையெழுத்து, நீ என்ன செய்வ?"

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"சும்மா இருட்டி."

மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து ரமீஜாவின் கையில் வைத்தாள். உள்ளே இருபது வருஷத்து வரி ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக.

"இத ஒன் அலமாரியில வச்சிரு. எங்கிட்ட இருந்தா வீடு மாத்தையில தொலைஞ்சிரும். மதுரையில கேப்பாகல்லா?"


கீழ்க்கோர்ட்டில் காட்டாத ரசீதை அங்கே கேட்க மாட்டார்கள் என்று ரமீஜாவுக்குத் தெரியும். பையை வாங்கிக்கொண்டாள்.