ஏரிக்கு ஆறு கிலோ

"மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்கிறதோ?" என்று ஒரு கிழமையாக வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தான் அகஸ்ரின். அவன் மனைவி றோசமலர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். மீன்குஞ்சு பிறந்தது மன்னாரில், பேசாலைக் கடலில். சனிக்கிழமை அது இறங்கப்போவதோ இத்தாலியில், பலெர்மோ நகரத்துக்குத் தெற்கே மலைக்குள் கிடக்கும் அணைக்கட்டு ஏரியில். மாசி மாதம். மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் இருக்கும்.

இறங்காமலும் முடியாது. பலெர்மோவின் சீசாப் பகுதியில் அகஸ்ரின் வீட்டோடு பராமரித்துவந்த கிழவர் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் காலமானார். அவரோடு வேலையும் போயிற்று. வைகாசியில் இருவருடைய பெர்மெஸ்ஸோவும், இந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடிகிறது. இருவரில் ஒருவருக்காவது வேலைக்கு ஒரு கொன்றாத்தோ, முறையான ஒப்பந்தக் கடதாசி, இல்லாமல் கொஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, போனால் புதுப்பித்துத் தரமாட்டார்கள். மூட்டை கட்டவேண்டியதுதான்.

மொண்டெல்லோக் கடற்கரையில் சுழியோடும் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கும் லூக்காதான் வழி சொன்னான். கோடைக்கு அவனுடைய படகுக்கு ஓர் ஆள் வேண்டும். சுழியோடும் பரீட்சையில் தேறினால் கொன்றாத்தோ உண்டு. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் பரீட்சையை ஏரிக்கு மாற்றினான். "உன் புருசனுக்கு வேண்டியதை நீயே எடுத்து வை" என்று கடைத் திறப்பை றோசமலரிடம் கொடுத்துவிட்டுப் படகுக்கு மை பூசப் போய்விட்டான்.

மூன்று வருசமாக அந்தக் கடையில் சாமான் கழுவுகிறவள் அவள். கடதாசி எதுவும் இல்லாமல், கையில் காசு வாங்குகிற வேலை. ஆனால் வாடகைக்குப் போன சாமான் திரும்பி வரும்போது நடந்ததையெல்லாம் சொல்லிவிடும். எந்த உடுப்புக்குள் ஆள் நடுங்கினான், எந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது என்று தொட்டியடியில் நின்றே அவளுக்குத் தெரியும். தெரியாததைச் சுழியோடிகளைக் குடைந்து குடைந்து கேட்டுவிடுவாள்.

அகஸ்ரின் கடைக்குள் போன உடனேயே நீலக்கோடு போட்ட மெல்லிய ரப்பர் உடுப்பை எடுத்தான்.

"இது நல்ல வடிவு."

"வடிவுதான், ஆவணி மாசத்து ஜேர்மன்காரருக்கு. அந்த ஏரியிலை பத்து நிமிசத்திலை உங்களுக்குப் பல்லுக் கிட்டும்."

ஏழு மில்லிமீற்றர் தடிப்பானதை, தலைமூடியோடு, எடுத்துக் கொடுத்தாள். புட்டுக்குழலுக்குள் அடைத்த மா மாதிரி வெளியே வந்து நின்றான் மனுசன். மூச்சு முட்டுகிறது என்றான். கழுத்தடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். சரியான இறுக்கம். தொளதொளத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுக் குளிர்தண்ணீர் உள்ளே வரும்.

நீளமான காற்துடுப்பைக் கேட்டான். கட்டையானதைக் கொடுத்தாள், நீளமானது சேற்றைக் கிளறும். முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டரோடு பூட்டுகிற மூச்சுக்குழாய்களில், குளிருக்கு உள்ளே உறையாதபடி மூடி அடைத்ததைத் தேடி எடுத்தாள். பெரிய லைற்றைத் தூக்கினான்.

"வையுங்கோ அதை. கலங்கல் தண்ணியிலை அகல வெளிச்சம் திருப்பி உங்கடை கண்ணிலைதான் அடிக்கும். ஒடுங்கின வெளிச்சம்தான் வேணும்."

முகக்கண்ணாடியில்தான் சண்டை வந்தது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். மூன்று தரமும் பொத்தென்று விழுந்தது.

"முதல் தேங்காயெண்ணெயைக் கழுவுங்கோ. பிறகு மீசை."

"கழுத்தை வேணுமெண்டால் வெட்டு. மீசையிலை கை வையாதை."

"முழுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழை ஒரு விரலகலம். அந்த மயிருக்குள்ளாலைதான் தண்ணி வரும்."

லூக்காவின் கத்தரிக்கோலோடு கிட்டப் போனாள். விதியே என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நாலாம் தரம் கண்ணாடி விழவில்லை.

கடைசியில் ஈயக்கட்டிகள். இடுப்புப்பட்டியில் கோத்துக் கட்டினால்தான் அந்தத் தடித்த ரப்பரோடு கீழே போகலாம்.

"கடலெண்டால் எட்டு. ஏரிக்கு ஆறு கிலோ."

அகஸ்ரினுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறோ? எங்கடை ஆக்கள் கல்லைக் கட்டிக்கொண்டெல்லோ சங்கு குளிச்சவை. பாரம் கூடினால்தான் கெதியாய்ப் போகலாம்."

"அவை கல்லைக் கீழை விட்டிட்டு மேலை வந்தவை. நீங்கள் அதை இடுப்பிலை கட்டிக்கொண்டெல்லோ நிக்கப்போறியள். உப்புத்தண்ணி ஆளைத் தூக்கும். நல்லதண்ணி அவ்வளவுக்குத் தூக்காது. ஆழமறியாமல் காலை விடாதை எண்டு சும்மாவோ சொன்னவை?"

பட்டியை எல்லாவற்றுக்கும் மேலே கட்டுவித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்துக் கழற்றச் சொன்னாள், இருபது தரம். மேலே வரும்போது, சங்கு குளிக்கிற மாதிரி மூச்சை அடக்கக் கூடாது, உள்ளே விரிகிற காற்று நெஞ்சைக் கிழித்துவிடும், 'ஆ' என்று விட்டுக்கொண்டு வரவேண்டும் என்பதையும் இருபது தரம் சொன்னாள். அகஸ்ரின் எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினான். அவ்வளவு கெதியில் ஆட்டியபோதே அவள் யோசித்திருக்கவேண்டும்.

சனிக்கிழமை காலை லூக்காவும் அகஸ்ரினும் மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். ஆறு மீற்றர்தான் ஆழம். றோசமலர் பழைய கோட்டோடு கரையில் நின்றாள். கயிற்றடியில் இரண்டு பேருடைய குமிழிகளும் ஒன்றாக வந்தன. நிம்மதியாகத் துவாயை எடுக்கக் காருக்குத் திரும்பினாள்.

மிச்ச ஈயம் போட்டு வைத்த பை தொய்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். இரண்டு கிலோக் கட்டிகள் இரண்டைக் காணவில்லை.

கரைக்கு ஓடி வந்தாள். கயிற்றடியில் ஓர் ஆளின் குமிழிதான் வந்துகொண்டிருந்தது. மற்றது நாலு பாகத் தூரம் தள்ளி, சேறும் சேர்ந்து கொதிக்கிற மாதிரி வந்தது. பாரம் கயிற்றிலிருந்து ஆளைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சேற்றில் இருத்திவிட்டது. அந்தக் கலங்கலில் லூக்காவுக்குத் தன்னுடைய கைகூடத் தெரியாது. "மடு மாதாவே, பட்டியைக் கழட்டச் சொல்லு" என்று கத்திக்கொண்டு சப்பாத்தோடு முழங்காலளவு தண்ணீருக்குள் போனாள்.

தண்ணீர் பிளந்தது.

"ஆ..." என்று கத்தியபடி அகஸ்ரினின் தலை வந்தது. இடுப்பில் பட்டி இல்லை. இழுத்துக் கரையில் போட்டாள். அவன் சேற்றைத் துப்பிக்கொண்டு கிடந்ததைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் அன்பும் ஒன்றாகப் பொங்கின.

"விழுந்தும் மீசையிலை மண் ஒட்டேல்லை எண்டு இனி ஒருக்காலும் சொல்லாதேங்கோ. கத்தையாய் ஒட்டியிருக்கு."

பின்னால் வந்த லூக்காவின் முகம் வெளிறியிருந்தது. "எத்தனை கிலோ?" என்று இத்தாலிய மொழியில் கேட்டான்.

அகஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டு, "பத்து" என்றான்.

"என் படகில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வருவார்கள். எனக்கு ஒளித்து ஈயம் கட்டுகிற ஆளை நம்பி அவர்களை இறக்க முடியாது. உன் பெயரில் கொன்றாத்தோ எழுதமாட்டேன்."

பிழை பிழைதான். வைகாசி மாதம் றோசமலரின் கண்முன்னே வந்து நின்றது. வாய்விட்டு அழலாம். அழுதால் லூக்கா பாவம் பார்ப்பான், கடதாசி தரமாட்டான். அவள் நனைந்த கோட்டை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சிஞ்ஞோர் லூக்கா, கண் தெரியாத சேற்றுக்குள் ஒற்றைக் கையால் பட்டியைக் கழற்றினார். மூச்சை விட்டுக்கொண்டு வந்தார். பழக்கியது நான். கண்ணாடிக்குள் ஒரு துளி தண்ணீர் இல்லை, பாருங்கள். உடுப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள், உடம்பு சூடாக இருக்கிறது. தெரிந்தெடுத்ததும் நான்தான். கோடையில் நீங்கள் வருகிறவர்களுக்கு அவசரத்தில் கைக்கு வந்த சாமானைக் கொடுக்கிறீர்கள், பாதிப் பேர் விறைத்துக்கொண்டு வருகிறார்கள். இனி நான் கொடுக்கிறேன். கொன்றாத்தோவை என் பெயரில் எழுதுங்கள்."

மூன்று வருசத்தில் அவள் அவனோடு இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. லூக்கா குனிந்து அகஸ்ரினின் கழுத்தடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். அவள் செய்கிற அதே மாதிரி.

"திங்கட்கிழமை உன் கடதாசிகளைக் கொண்டு வா" என்றான்.

திரும்பி வரும்போது காரின் பின்சீற்றில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தான் அகஸ்ரின். மலையால் இறங்கி நகரம் தெரிகிறபோது கேட்டான்.

"பரீட்சைக்கு நான் திரும்ப இறங்கலாமோ?"

"இறங்கலாம். கேட்டுப் பாக்கிறன்."

"எத்தினை கிலோ?"

"ஆறு."

"ஓம்" என்றான்.

கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்தில் அவன் மறுகதை கதைக்காமல் சொன்ன முதல் ஓம் அது. அப்போதுதான் றோசமலருக்கு அழுகை வந்தது.