வீட்டு வரி ரசீதில் இருந்த பெயர்

சம்பளக் கணக்கர் பஞ்சநதம் அந்த ரசீதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தள்ளியபோதே ஐயாவுக்கு மண்டைக்குள் சூடு ஏறிவிட்டது. முப்பத்தோரு வருஷம் அந்தக் கூட்டுறவு அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர். உமி எரிகிற வாய்க்கு நேராக நின்று நின்று புருவமே கருகிப் போனவர். சூடு அவருக்குப் புதிதில்லை. இது வேறு சூடு.

"வீட்டுக் கடன் வட்டிய வருமானத்துல கழிச்சு வரி போடணும்னா வீடு உங்களோடதா இருக்கணும் ஐயாவு. இதுல பாருங்க. உரிமையாளர், கல்யாணம். குடியிருப்பவர், காத்தான். நீங்க இதுல எங்கயுமே இல்லையே."

"காத்தான் எங்கப்பாரு."

"இருக்கட்டும். அவரும் குடியிருக்கிறவராத்தானே இருக்காரு?"

"பட்டா எம் பேர்ல இருக்கு சார். அதப் பாக்காமலா வீட்டு வசதிச் சங்கத்துல கடன் குடுத்தான்?"

"பட்டா மனைக்கு. நான் கேக்கறது வீட்டுக்கு. ஊராட்சியில பேர மாத்திட்டு வாங்க, அடுத்த வருஷம் கழிச்சுத் தர்றேன்."

அடுத்த வருஷம் ஐயாவு ஆலையில் இருக்கப் போவதில்லை. வருகிற தையோடு ஓய்வு. ஐந்து வருஷத்து ஊதிய உயர்வுப் பாக்கியை ஒரே மாதத்தில் கொட்டிக் கொடுத்ததால்தான் அவர் பேருக்கு வருமான வரி என்ற ஒன்றே வந்தது. மூவாயிரத்து இருநூறு ரூபாய் பிடித்துவிட்டார்கள். பணம் போனால் போகட்டும் என்று விட்டுத் தொலைத்திருப்பார். நீங்க இதுல எங்கயுமே இல்லையே என்றானே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. அஸ்திவாரத்துக்கு மண் வெட்டியது அவர். கொத்தனாருக்குச் செங்கல் தூக்கிக் கொடுத்தது அவரும் மனைவி அம்சமும். மாதம் தவறாமல் தவணை கட்டுவது அவர். அவர் எங்கேயும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நடந்ததைக் கத்திக் கத்திச் சொன்னார். அம்சம் ஒரு பார்வை பார்த்தாள்.

"கத்தாதீங்க. பேர மாத்த விடாதது யாரு? நீங்கதானே?"

அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

அவள் சொன்னது நிஜம். அந்தக் கீழத்தெரு மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் கல்யாணத்தின் அப்பாவான மிராசுதாருக்குச் சொந்தம்; பதிவில் மட்டும் மகன் பேரைப் போட்டு வைத்திருந்தார். அவர் வயலில் உழைக்கிற மட்டும் குடிசை போட்டுக்கொள்ளலாம். கூலி உயர்த்திக் கேட்டால் வாசலில் முள்வேலி போட்டு அடைப்பார்கள். காத்தானின் கூரையை இரண்டு முறை பிரித்து வாய்க்காலில் போட்டிருக்கிறார்கள். எழுபத்தொன்றில், யார் எந்த மனையில் குடியிருக்கிறார்களோ மனை அவர்களுக்கே என்று சட்டம் வந்தது. உடனே மிராசுதார், அங்கே யாரும் குடியிருக்கவே இல்லை, அது மாட்டுக்கொட்டகை என்று எழுதிக் கொடுத்தார். அப்போது கீழத்தெருவைக் காப்பாற்றியது இந்த வீட்டு வரி ரசீதுகள்தான். குடியிருப்பவர் காத்தான் என்று ஊராட்சியின் முத்திரையோடு வருஷா வருஷம் எழுதியிருந்தது. செங்கொடிச் சங்கத்தார் தெருத்தெருவாக வந்து சொன்னார்கள்: "ரசீத யாருகிட்டயும் குடுக்காதீங்க. ஒரு எழுத்த மாத்த விடாதீங்க."

காத்தான் சாகிற வரைக்கும் மாற்ற விடவில்லை. ஐயாவும் விடவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஊராட்சி எழுத்தர் வீடு வீடாக வந்து, பழைய ரசீதைக் கொடுத்தால் உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்றபோது ஐயாவு அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகு வரைக்கும் துரத்தினார். காகிதம் கேட்டு வருகிறவன் எவனும் நல்லதுக்கு வருவதில்லை என்பது அவர் கணக்கு. அப்பனிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்த கண் அது. கடன் வாங்கப் பட்டா தேவை என்றதால் பட்டாவை மட்டும் தன் பேருக்கு மாற்றினார். ரசீதை யாரும் கேட்கவில்லை. அது அப்படியே கிடந்தது.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். இப்போது இருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உரிமையாளர்னு கல்யாணம் சார் பேரு இருக்கு. ஆட்சேபணை இல்லேன்னு அவர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. மாத்திடலாம்."

"எவன் வீட்டுக்கு எவன்கிட்டடா கடுதாசி?"

"மரியாதையாப் பேசுங்க பெரியவரே. நடைமுறை அது."

நாலைந்து மாதம் அவர் எங்கேயும் போகவில்லை. அம்சம் விடவில்லை. "அந்த மனுஷன் வாத்தியாரா இருந்தவரு. அவங்கப்பா மாதிரி இல்ல. ஒரு கையெழுத்துக்கு என்ன கௌரவம்?" என்று அரித்துக்கொண்டே இருந்தாள். ஜூலையில் ஒருநாள், கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வராத எரிச்சலும் சேர்ந்துகொள்ள, கல்யாணம் குடியிருந்த திருவாரூருக்கு பஸ் ஏறினார்.

கல்யாணம் நல்ல மனிதராகவே இருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. எழுந்து வந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி சரசா, தாங்கள் குடிக்கிற அதே டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"இதுக்கா இந்த வெயில்ல வந்தே? எங்கப்பா இருந்தா குடுத்திருக்க மாட்டார். நான் அப்படி இல்லப்பா. தாராளமா எழுதித் தரேன்."

எழுதி நீட்டினார். ஐயாவு அஞ்சாவது வரைக்கும் படித்தவர். எழுத்துக்கூட்டி, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். எனக்குச் சொந்தமான மனைக்கட்டில் உள்ள வீட்டை மேற்படி ஐயாவு பெயருக்கு மாற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.

விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"சார், யாருக்குச் சொந்தமான?"

"அது ஒரு வழக்கத்துக்குப் போடறதுதானேப்பா. ரிக்கார்டுல அப்படித்தானே இருக்கு. நான்தான் மனசாரக் குடுக்கறேனே."

"என்னத்தக் குடுக்கறீங்க?" ஐயாவு எழுந்துவிட்டார். "மனைய சர்க்கார் குடுத்து முப்பத்தொன்பது வருஷம் ஆச்சு. வீட்ட நான் கட்டினேன். உங்ககிட்ட என்ன இருக்கு குடுக்கறதுக்கு? உங்கப்பாரு கூரையப் பிரிச்சுப் போட்டாரு. அவரோட நாங்க மல்லுக்கு நின்னோம், அது ஒரு மாதிரி. நீங்க சிரிச்சுக்கிட்டே எனக்குச் சொந்தமானன்னு எழுதறீங்க!"

"கோவப்படாதே ஐயாவு. வேணும்னா மாத்தி எழுதறேன், உக்காரு."

"நீங்க எப்படி எழுதினாலும் அது நீங்க எழுதினதாத்தான் சார் இருக்கும்."

கிழிக்கத்தான் கை போயிற்று. கிழிக்கவில்லை. தாளை மேஜையில் வைத்து, அதன்மேல் குடிக்காத காப்பியை வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

ஆலைக்கு வந்தவர் எடைமேடையில் உட்கார்ந்திருந்த அஹமது கபீரிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினார். நெல் லாரிகளை எடை போட்டு எழுதுகிறவர் கபீர். ஆலையில் ஐயாவு நம்புகிற ஒரே பேனாக்காரர். முழுதும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அண்ணே, உங்களுக்கு யாரு வேணும்? பஞ்சநதமா, வரி ஆபீசா? அவரு கழிக்கலேன்னா போறாரு. வருமானக் கணக்க நீங்களே எழுதி நேரா வரி ஆபீசுல குடுக்கலாம். கட்டின வட்டியக் கழிங்க, அசலுக்கும் ஒரு கழிவு இருக்கு, அதையும் போடுங்க. புடிச்ச பணத்தத் திருப்பிக் கேளுங்க. மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்."

"அங்கயும் கடுதாசி கேப்பான் பாய்."

"கேக்க மாட்டான். எந்தக் காகிதமும் இணைக்கக் கூடாதுன்னு ஃபாரத்துலயே போட்டிருக்கு."

ஐயாவு கண்ணைச் சுருக்கினார். "ஒரு காகிதமும் வேணாங்கறானா? அப்ப எதுலயோ மாட்டிவிடப் பாக்கறான்."

"நீங்க சொல்றத நம்பறான்ணே. பொய்யின்னு பின்னாடி தெரிஞ்சா அபராதம் போடுவான். அவ்வளவுதான்."

"என்னை நம்பறானா? எதுக்கு?"

"ஃபாரத்த நான் வாங்கியாறேன்," என்று கபீர் எழுந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடைமேடை மேஜையிலேயே எழுதினார்கள். படிவம் முழுக்க இங்கிலீஷ். கபீர் ஒவ்வொரு கட்டத்தையும் படித்து அர்த்தம் சொன்னார். பேனாவை மட்டும் ஐயாவு கொடுக்கவில்லை. வீட்டுச் சங்கத்தில் வாங்கிய சான்றைப் பார்த்து, வட்டி இருபத்திரண்டாயிரம் என்று அவரே எழுதினார். அசல் பன்னிரண்டாயிரம். எண்கள் கட்டத்தை விட்டு வழிந்தன. சொந்தக் குடியிருப்பு வீடு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"பாய், நல்லாப் பாத்துச் சொல்லு. கட்டினவன் வீடா, ரசீதுல இருக்கறவன் வீடா?"

"உங்க மனையில உங்க காசப் போட்டு நீங்க கட்டினது. வேற யாரோடதுண்ணே? ரசீது வரி கட்டினதுக்குத்தான் ரசீது."

கடைசியில் உறுதிமொழி. காத்தான் மகன் ஐயாவு ஆகிய நான் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று சொல்கிறேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வெறும் இடம் எதுவும் விட்டிருக்கிறதா என்று தாளைப் புரட்டிப் பார்த்தார். மிச்சமிருந்த காலிக் கட்டங்களில் எல்லாம் கோடு இழுத்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். இழுத்த இழுப்பில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

வரி அலுவலகத்தில் அன்று நீள வரிசை. அசல் பட்டா கடனுக்காகச் சங்கத்தில் இருந்ததால், அதன் நகலில் சான்றொப்பம் வாங்கிப் படிவத்தோடு குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். வேண்டாம் என்று கபீர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண் குண்டூசியை எடுத்து, நகலைத் திருப்பித் தள்ளினாள்.

"இது வேண்டாங்க பெரியவரே. ஃபாரம் மட்டும் போதும்."

"பாரும்மா."

"பாக்கணும்னு அவசியமில்லீங்க. நீங்களே எழுதிட்டீங்கல்ல, போதும்."

ஐயாவுக்கு வந்ததே ஆத்திரம். "பிப்ரவரி மாசத்துலேருந்து ஒவ்வொருத்தனும் காகிதம் காட்டு, காகிதம் காட்டுன்னான். இருந்தத எவனும் பாக்கல. இல்லாததத்தான் கேட்டான். இப்ப இருக்கறதக் கொண்டாந்தா வேண்டாங்கற! பாருன்னா பாரு!"

"பெருசு, நகருய்யா," என்றார் பின்னால் நின்றவர்.

"நகர மாட்டேன்யா."

அந்தப் பெண் நகலை எடுத்துப் பிரித்தாள். வரிசைக்கே கேட்கிற மாதிரி, "காத்தான் மகன் ஐயாவு. மனை, ரெண்டே முக்கால் சென்ட். நீங்கதானே?" என்றாள்.

"நான்தான்."

"சரி. இத பத்திரமா வச்சுக்கங்க." ஒப்புகைச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

பணம் திரும்பி வருமா, எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பஸ் பிடித்து நேராக ஊராட்சி அலுவலகத்தில் இறங்கினார். பெயர் மாற்ற மனுவையும் பட்டா நகலையும் எழுத்தர் முன்னால் வைத்தார்.

"கல்யாணம் சார் கடுதாசி?"

"கிடையாது."

"அது இல்லாம மேலிடத்துல கேட்டுத்தான் செய்யணும். நாளாகும்."

"கேளு."

"இன்னிக்கே எப்படிங்க?"

ஐயாவு சுவரோரமாகக் கிடந்த பெஞ்சை இழுத்து எழுத்தரின் மேஜைக்கு எதிரில் போட்டார். துண்டை உதறி விரித்தார்.

"நான் கேட்டதா எழுதிக்க. வந்த தேதியப் போடு. நாளைக்கும் வருவேன்," என்று உட்கார்ந்தார்.