கழுத்தில் ஒரு கட்டு

மணி மூன்றே முக்கால். மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பெண்ணின் அப்பாவுடைய கழுத்தைச் சுற்றி மனைவி வெள்ளைத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இ... இ...” என்றார்.

“இறுக்கலை. ஆடாம இருங்க.”

மைத்துனன் எதிரே சற்றுத் தள்ளி நின்று பார்த்தான்.

“பிரமாதம். தொண்டையில ஆபரேஷன், இனிமே குரலே வராதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க பாட்டுக்குத் தலையை ஆட்டுங்க மச்சான், போதும்.”

மகள் வாசற்படியிலிருந்து கேட்டாள்: “அப்பா மெதுவாப் பேசட்டுமே மாமா?”

“ஊமைன்னா பாவம்பாங்க. திக்குவாய்னா, ரத்தத்துல வருமான்னு கேப்பாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் எதனால தட்டிப் போச்சு? தெரியாத மாதிரி கேக்கற.”

அவள் தலை வாரிக்கொள்ள உள்ளே போனாள். அவர் கட்டைத் தொடவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர், இவர் வாயெடுத்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். பாதியில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்ததில்லை. வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. இருபத்தாறு வருடங்களாக அவருடைய வாக்கியங்களை மனைவிதான் முடித்துவைக்கிறாள். பல சமயம் தப்பாகவே முடிப்பாள். திருத்துவதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டும் என்பதால் அவர் விட்டுவிடுவார்.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. அந்த அம்மாள் கட்டைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள்.

“ஐயோ பாவம். நல்ல மனுஷன்னு முகத்துலயே எழுதியிருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். இத்தனை மரியாதை அவருக்கு எங்குமே கிடைத்ததில்லை.

டீ முடிந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் மேலாளர்.

“பேச முடியலைன்னு கவலைப்படாதீங்க சம்பந்தி. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். ரிப்பேர் ரேடியோன்னு கூப்பிடுவோம். போன் அடிச்சா அவன்கிட்டதான் குடுப்போம். ஹ... ஹ... ஹ...ன்னு அவன் ஆரம்பிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் வெச்சுட்டுப் போயிடுவான்!”

மைத்துனன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

“இதைக் கேளுங்க. ஒருநாள் காலையில வந்து என் மேஜை முன்னாடி நிக்கறான். ‘அ... அம்... அம்மா’ங்கறான். ‘அம்மா இங்க இல்லடா கண்ணு, வீட்டுல பாரு’ன்னேன். ஆபீஸே உருண்டு உருண்டு சிரிக்குது. அவன் விடலை, ‘அம்மா... அம்மா’. போய் உக்காருன்னுட்டேன். சாயங்காலம்தான் தெரியுது, அம்மா செத்துப் போச்சுன்னு லீவு கேக்க வந்திருக்கான்! நாள் முழுக்க உக்காந்து வேலை பாத்துட்டுப் போயிருக்கான் மடையன்!”

சொல்லும்போதே சம்பந்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து.

மாப்பிள்ளை சிரித்தான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் தலை குனிந்திருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் நிமிர்ந்தபோது பல் தெரிந்தது. அவரைப் பார்த்ததும் உதடுகளை மூடிக்கொண்டாள்.

அவர் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தேடினார்.

“என்னங்க, வலிக்குதா? உள்ள போய்ப் படுங்க,” என்றாள் மனைவி அவசரமாக.

கட்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது. அதனடியில் தழும்பு எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

அவர் வாயைத் திறந்தார். தாடை இழுத்துக்கொண்டது. கண்ணிமைகள் துடித்தன. மனைவி எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். என்ன வார்த்தை என்று இந்த முறை அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அ... அந்த ஆ... ஆளோட பே... பே... பேரு என்னங்க?”